சராசரியும் சுற்றும்: நரம்புக் கலத்தின் மொழியும் மலையக உழைப்பும்

பொல்பிட்டிய நீர்மின் நிலையம் 1969ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. கெஹெல்கமு ஓயா, மஸ்கெலிய ஓயா ஆகிய இரு ஆறுகளின் நீரும் மேலேயுள்ள மின்நிலையங்களிற் பயன்பட்டபின் லக்சபான நீர்த்தேக்கத்தின் வழியாக இந்நிலையத்தை வந்தடைகின்றது. அங்கு பிறப்பிக்கப்படும் ஆடலோட்ட மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுக்களை உடையது. ஒவ்வொரு சுற்றிலும் மின்னழுத்தம் ஒரு திசையில் உயர்ந்து, தாழ்ந்து, மறுதிசையில் உயர்ந்து, மீண்டும் தாழ்கின்றது. இச்சுற்று முழுவதற்குமான மின்னழுத்தத்தின் சராசரியைக் கணக்கிட்டால் விடை பூச்சியம். சராசரியை மட்டுமே அளக்கத் தெரிந்த ஒருவர், பொல்பிட்டியவில் எதுவும் நிகழவில்லை என்றே முடிவுசெய்வார்.

சுற்றுடைய ஓர் இயக்கத்தைச் சராசரியாற் புரிந்துகொள்ள முயல்வதில் உள்ள இடர்ப்பாடு இதுவேயாகும். இவ்விடர்ப்பாட்டினை உடலியலாளர் எவ்வாறு எதிர்கொண்டனர், பதிவுசெய்யப்பட்ட மின் குறிகளில் நரம்புக் கலத்தின் செயலளவு ஒரு சுற்றின் வெவ்வேறு கட்டங்களில் எவ்வாறு வேறுபடுகின்றது என்பதை எம்முறையாற் கண்டறிந்தனர் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய ஆய்வாளன் ஒருவன் இத்துறையினுட் புகுவதற்கு நியாயம் உண்டு. உழைப்பு எத்தகைய வடிவம் எடுப்பினும், அது மனித மூளை, நரம்பு, தசை ஆகியவற்றின் செலவே என்பது 'மூலதனம்' முதலாம் தொகுதியின் அடிப்படைக் கருத்துக்களுள் ஒன்றாகும். நரம்பின் செலவு என்பது யாது, அதனை எவ்வாறு அளப்பது என்ற வினா உழைப்பைப் பற்றிச் சிந்திப்போர் எவருக்கும் உரியதே.

கணத்தாக்கம் என்னும் மொழி

நரம்புக் கலம் தான் கூறவேண்டியதைக் கணத்தாக்கங்களாகவே கூறுகின்றது. கணத்தாக்கம் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் மட்டுமே நீடிக்கும் மின் மாற்றமாகும். அது நிகழும், அல்லது நிகழாது; அரைக் கணத்தாக்கம் என ஒன்றில்லை. தூண்டல் வலுவடையும்போது கணத்தாக்கத்தின் வீச்சம் பெருகுவதில்லை. அவை அடுத்தடுத்து எழும் மீடிறனே பெருகுகின்றது. கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் சொட்டர்மானும் 1926இல் தனி நரம்பு நார்களிலிருந்து பதிவுகளைப் பெற்று இவ்வுண்மையை நிலைநாட்டினர். ஏட்ரியனுக்கு 1932இல் ஷெரிங்டனுடன் இணைந்து நோபல் பரிசு கிடைத்தது.

இக்கண்டுபிடிப்பின் பயனாக, 'செக்கனுக்கு எத்தனை கணத்தாக்கம்' என்பது நரம்பியலின் முதன்மை அளவாயிற்று. இது பெரும் முன்னேற்றமாகும். எனினும் உடலின் செயல்கள் பெரும்பாலானவை சுற்றாக நிகழ்பவை. இதயம் சுருங்கி விரிகின்றது. சுவாசப்பை நிரம்பி வெறுமையாகின்றது. கால் ஊன்றி எழுகின்றது. மூளையின் மின்னலைகளும் எழுந்து விழுகின்றன. இவற்றோடு தொடர்புடைய நரம்புக் கலம் ஒன்று செக்கனுக்கு எத்தனை தடவை செயற்படுகின்றது என்பதனோடு, சுற்றின் எந்தக் கட்டத்தில் செயற்படுகின்றது என்பதையும் நாம் அறியவேண்டியுள்ளது. அக்கட்டத்தினையே அவத்தை என்கிறோம்.

தமிழ் யாப்பினை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. நேரசை ஒன்று, நிரையசை ஒன்று என இரண்டு அசைகளைக் கொண்ட சீர் யாது எனக் கேட்டால் ஒரு விடை கூற இயலாது. நிரை முன்வந்து நேர் பின்வரின் அது புளிமா. நேர் முன்வந்து நிரை பின்வரின் அது கூவிளம். எண்ணிக்கை ஒன்றே, இடம் வேறு. எனவே சீரும் வேறு, அடுத்த சீரோடு அது கொள்ளும் தளையும் வேறு. அசைகளை எண்ணி மட்டும் யாப்பினை அறியமுடியாதவாறு, கணத்தாக்கங்களை எண்ணி மட்டும் நரம்பின் மொழியையும் அறிய முடியாது.

சுற்றினைப் பகுக்கும் முறை

ஆய்வாளர் இரு குறிகளை ஒரே நேரத்திற் பதிவுசெய்கின்றனர். ஒன்று நரம்பு நாரிலிருந்து மின்வாய் வழியாகப் பெறப்பட்டு விரியலாக்கியினாற் பெருக்கப்படும் கணத்தாக்கத் தொடர். மற்றையது சுற்றினைக் காட்டும் அலை: மின்னிதய வரைபாகவோ, சுவாச அளவாகவோ, மூளையின் மின்னலையாகவோ அது இருக்கலாம்.

மாதிரிக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் இதயச் சுற்று 600 மில்லிசெக்கன் நீடிக்கின்றது எனவும், அதனுள் ஒரு நார் 6 கணத்தாக்கங்களை எழுப்புகின்றது எனவும், அவை ஆறும் 120 மில்லிசெக்கன் கொண்ட ஒரு சிறு காலப்பகுதியினுள் அடங்குகின்றன எனவும் கொள்வோம். சராசரி மீடிறன் செக்கனுக்கு 10. ஆயின் அச்சிறு பகுதியினுள் மீடிறன் செக்கனுக்கு 50. எஞ்சிய 480 மில்லிசெக்கனில் பூச்சியம். செக்கனுக்கு 10 என்ற நிலையில் அந்நார் ஒரு கணமும் இருந்ததில்லை. சராசரி என்பது இங்கு எங்கும் நிகழாத ஒன்றின் பெயராக உள்ளது.

ஒரு சுற்றினைக் கொண்டு முடிவுக்கு வரலாகாது. பல நூறு சுற்றுக்களைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். இங்கு ஓர் இடையூறு எழுகின்றது. சுற்றுக்கள் யாவும் ஒரே நீளமுடையனவல்ல. ஒன்று 550 மில்லிசெக்கன், அடுத்தது 640 மில்லிசெக்கன் என அமையக்கூடும். ஆகவே ஒவ்வொரு சுற்றினையும், அதன் நீளம் எதுவாயினும், 360 பாகை கொண்ட ஒரு வட்டமாகக் கொள்வர். அவ்வட்டத்தை 18 பாகை வீதம் 20 கூறுகளாக்கி, ஒவ்வொரு கூற்றிலும் விழுந்த கணத்தாக்கங்களை எண்ணுவர். இருபது நிரல்களைக் கொண்ட வரைபு ஒன்று கிடைக்கும். நிரல்கள் சமமாயின் அக்கலத்துக்கும் சுற்றுக்கும் தொடர்பில்லை எனலாம். ஓரிடத்திற் குவியின் அக்கலம் அவ்வவத்தையோடு பிணைக்கப்பட்டுள்ளது எனலாம்.

இம்முறையிற் கவனிக்கவேண்டிய பொறிகள் நான்கு உள.

முதலாவது, எல்லா அவத்தைகளும் சமகாலம் நீடிப்பதில்லை. உட்சுவாசம் 2 செக்கனும் வெளிச்சுவாசம் 3 செக்கனும் நீடிக்கும் ஒருவரிடத்து, இடையறாது செக்கனுக்கு 10 கணத்தாக்கங்களை எழுப்பும் ஒரு கலம், முதலாவதில் 20, இரண்டாவதில் 30 எனப் பதிவாகும். எண்ணிக்கையை மட்டும் நோக்குபவர் அது வெளிச்சுவாசத்துக்குரிய கலம் என்பார். ஒவ்வோர் அவத்தையிலும் செலவான காலத்தால் வகுத்தாலன்றி உண்மை புலப்படாது.

இரண்டாவது, பிணைப்பின் வலிமையை ஒரே எண்ணாற் கூறும் ஆசை. ஒவ்வொரு கணத்தாக்கத்தையும் வட்டத்தின் மையத்திலிருந்து அதன் அவத்தையை நோக்கும் ஓரலகு அம்பாகக் கொண்டு, அம்புகள் யாவற்றையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்தால் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஓர் எண் கிடைக்கும். எல்லாம் ஓரிடத்திற் குவிந்தால் 1. சமமாகப் பரவினால் 0. ஆயின் ஒரு கலம் சுற்றின் எதிரெதிரான இரு அவத்தைகளிற் சமமாகச் செயற்பட்டாலும் விடை 0 ஆகவே வரும். எதிர்த்திசை அம்புகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பொல்பிட்டியவின் சராசரிப் பூச்சியம் இங்கு வேறு வேடத்தில் மீண்டும் தோன்றுகின்றது. எனவே எண்ணோடு வரைபினையும் நோக்கவேண்டும்.

மூன்றாவது, சிறு தொகையின் மயக்கம். ஒரேயொரு கணத்தாக்கம் மட்டும் இருப்பின் மேற்கூறிய எண் 1 ஆகவே இருக்கும். அதனைப் பூரண பிணைப்பு என்பது நகைப்புக்குரியது. இதனைத் தவிர்க்க, கணத்தாக்கங்களின் நேரங்களைத் தற்செயலாக மாற்றி அமைத்துப் பன்முறை கணக்கிட்டு, உண்மைப் பதிவின் விடை அத்தற்செயல் விடைகளை மிஞ்சுகின்றதா என ஆய்வர்.

நான்காவது, மின்வலுவின் இரைச்சல். நரம்பின் மின் குறி மிகச் சிறிது. ஆய்வுகூடச் சுவரிலுள்ள மின்கம்பி அதனிலும் பன்மடங்கு வலியது. அதன் 50 சுற்று அலை பதிவினுட் புகுந்து, 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை கணத்தாக்கம் போலத் தோன்றக்கூடும். அளக்கும் கருவி இருக்கும் உலகமும் அளவினுட் புகுந்துவிடுகின்றது. இதனை மறந்தோர் நரம்பின் தாளம் எனக் கருதுவது மின்நிலையத்தின் தாளமாயிருத்தல் கூடும்.

பெயின்டால் கண்ட வேறுபாடு

இம்முறையின் பயனை விளக்கத் தென்னாசிய விஞ்ஞானி ஒருவரின் ஆய்வே சிறந்த உதாரணமாகும். ஔதார் சிங் பெயின்டால் 1925இல் பர்மாவின் மொகொக்கிற் பிறந்தவர். எடின்பரோவிற் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பின்னர் டெல்லியிலுள்ள வல்லபாய் பட்டேல் நெஞ்சுநோய் நிறுவகத்தின் பணிப்பாளராக விளங்கினார். 1981இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்ட அவர் 2004இற் காலமானார்.

பூனையின் வேகசு நரம்பிலிருந்து தனி நார்களைப் பிரித்தெடுத்துப் பதிவுசெய்த பெயின்டால், இதயத்தின் சோணையறைகளிலுள்ள வாங்கிகள் இரு வகையின என 1953இல் வெளியிட்டார். ஒரு வகை சோணையறை சுருங்கும் அவத்தையிற் கணத்தாக்கங்களை எழுப்புகின்றது. அதனை ஏ வகை என்றார். மற்றையது சோணையறை குருதியால் நிரம்பும் அவத்தையில் எழுப்புகின்றது. அது பி வகை. இரு நார்களும் ஒரு செக்கனில் ஒரே எண்ணிக்கையான கணத்தாக்கங்களை எழுப்பக்கூடும். சராசரியை மட்டும் நோக்கின் இரண்டும் ஒன்றே. சுற்றில் அவை விழும் இடத்தை நோக்கினாலோ, ஒன்று சுருக்கத்தின் செய்தியையும் மற்றையது நிரம்பலின் செய்தியையும் கூறுகின்றன. பிற்கால ஆய்வுகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வகையும் உண்டெனவும், சூழ்நிலை மாறும்போது ஒரே வாங்கியின் கோலமும் மாறக்கூடும் எனவும் காட்டின. வகைப்பாடு பயனற்றது என்பது இதன் பொருளன்று. வகைகள் உறைந்த பொருள்களல்ல, உறவுகளின் விளைவுகள் என்பதே பொருள்.

சுவாசச் சுற்றிலும் இவ்வாறே. சுவாசப்பை விரியும்போது வேகசு நரம்பின் நார்கள் சில தம் மீடிறனை உயர்த்துகின்றன என ஏட்ரியன் 1933இற் காட்டியிருந்தார். பெயின்டால் 1955இல் வேறொரு வகை வாங்கியை விவரித்தார். சுவாசப்பையின் மயிர்த்துளைக்குழாய்களை அடுத்து அமைந்த இவை பின்னர் ஜே வாங்கிகள் எனப் பெயர்பெற்றன. ஏட்ரியனின் நார்களைப் போலச் சுவாசத்தின் ஒவ்வொரு சுற்றோடும் ஏறியிறங்குவன அல்ல இவை. வழமையான நிலையில் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கின்றன. சுவாசப்பையிற் குருதி தேங்கி, மயிர்த்துளைக்குழாய்களைச் சூழ்ந்த இடத்தில் நீர் கசியும்போதே விழித்தெழுகின்றன. அவற்றைத் தூண்டின் சுவாசம் விரைவும் ஆழமின்மையும் கொள்கின்றது. தேஷ்பாண்டேயும் தேவானந்தனும் 1970இற் பூனைகளில் நிகழ்த்திய ஆய்வு, இவ்வாங்கிகளைத் தூண்டும்போது அவயவத் தசைகளின் தெறிவினைகள் தடுக்கப்படுவதைக் காட்டியது.

கடும் உழைப்பின்போது சுவாசப்பையினூடான குருதியோட்டம் பெருகும். அதனால் இவ்வாங்கிகள் விழித்து, மூச்சுத் திணறலை உணர்த்தி, தசையைத் தளரச் செய்து உழைப்பினை நிறுத்தத் தூண்டுகின்றன என்பது பெயின்டாலின் கருத்தாகும். மனிதரிடத்து இத்தசைத் தளர்ச்சி எவ்வளவுக்கு நிகழ்கின்றது என்பதில் உடலியலாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் களைப்பு என்பது மனத்தின் சோம்பலன்று, உடலின் உள்ளிருந்து எழும் அளக்கத்தக்க செய்தி என்ற நோக்கு இவ்வாய்வுகளால் உறுதிபெற்றது.

மூளையாய்வில் இம்முறை மேலும் விரிந்துள்ளது. எலி ஒன்று தனக்குப் பழக்கமான இடத்தினூடாக நடக்கும்போது, அவ்விடத்துக்குரிய நரம்புக் கலம் மூளையலையின் ஒவ்வொரு சுற்றிலும் முன்னையதிலும் சற்று முந்திய அவத்தையிற் செயற்படுகின்றது என ஓகீஃபும் ரெச்சேயும் 1993இற் காட்டினர். எலி எங்கு நிற்கின்றது என்ற செய்தி கணத்தாக்கங்களின் தொகையில் மட்டுமன்றி, அவற்றின் அவத்தையிலும் பொதிந்துள்ளது. ஓகீஃப் 2014இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர்.

பேராதனையிலிருந்து ஒரு பாடம்

நம் நாட்டு ஆய்வு ஒன்றையும் இங்கு நோக்குதல் தகும். பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த ஆகியோர், சேதனப் பொசுபரசுப் பூச்சிநாசினி நஞ்சேறிய 10 நோயாளரைப் பற்றிய ஆய்வினை 1987இல் வெளியிட்டனர். நஞ்சின் முதற் கடுமை தணிந்து, 24 முதல் 96 மணித்தியாலத்துள், கழுத்து, அவயவம், சுவாசம் ஆகியவற்றின் தசைகள் செயலிழப்பதை அவர்கள் விவரித்தனர். 'இடைநிலை நோய்க்குறித் தொகுதி' என உலக மருத்துவம் இன்று இதனை அறிகின்றது.

அவர்களது மின்பதிவுகள் நம் பொருளுக்கு நேரடியாக உரியன. நரம்பினை மெதுவாக, இடைவெளிவிட்டுத் தூண்டியபோது தசையின் மின் விடை குன்றவில்லை. விரைந்து, இடையறாது தூண்டியபோதோ விடை தூண்டலுக்குத் தூண்டல் தேய்ந்தது. ஓய்வுக்கு இடங்கொடுத்த சோதனையில் ஊறு மறைந்திருந்தது. ஓய்வற்ற சோதனையில் வெளிப்பட்டது. சுற்றுக்களை ஒன்றன்பின் ஒன்றாக நோக்கியமையாலேயே இது தெரியவந்தது. முதல் விடையை மட்டும் அளந்திருப்பின் தசை நலமாயுள்ளது என்றே முடிவாகியிருக்கும். வயல்களிலும் தோட்டங்களிலும் இந்நஞ்சுகளோடு புழங்கியோர் உழைக்கும் மக்களே என்பதையும், நம் நாட்டுக் கிராமத்தின் துயரொன்றே உலக மருத்துவ நூல்களுக்கு இவ்வறிவை வழங்கியது என்பதையும் நாம் மறத்தலாகாது.

உழைப்பு நாளின் அவத்தைகள்

பெரட்டுக்களத்தில் தொடங்கி, மலையேறி, கொழுந்து பறித்து, கூடையோடு மடுவத்துக்கு இறங்கி, நிறுத்து, மீண்டும் ஏறும் தொழிலாளியின் நாள் பல சுற்றுக்களைக் கொண்டது. கணக்கப்பிள்ளையின் ஏட்டில் மாலையிற் பதிவாவதோ ஓர் எண் மட்டுமே: இத்தனை கிலோ. அவ்வெண் விதித்த அளவை எட்டின் முழுப்பேர், எட்டாவிடின் அரைப்பேர். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபின், பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவு பற்றிய பிணக்குகள் தோட்டங்கள் பலவற்றிற் கூர்மையடைந்தன. கூலியின் எண் உயர்ந்தபோது, அதனை ஈடுசெய்யும் எண்ணாக உழைப்பின் செறிவு முன்வைக்கப்பட்டது.

இருவர் ஒரே நாளில் 18 கிலோ பறித்தனர் எனக் கொள்வோம். ஒருவர் தணிந்த நிலத்தில் சீரான வேகத்திற் பறித்தவர். மற்றவர் செங்குத்தான மலையில், மழையிற் காலைப் பொழுதை இழந்து, பிற்பகலில் இடைவிடாது விரைந்து பறித்தவர். ஏட்டின்படி இருவரும் ஒன்றே. நரம்பு, சுவாசம், குருதி ஆகியவற்றின்படி இருவரது நாளும் வேறுவேறு. முன்னர்க் கூறிய இரு சோணையறை நார்களைப் போல, தொகை ஒன்றாயினும் சுற்றில் அது விழுந்த இடம் வேறு.

தேயிலைச் செடிக்கு இத்தகைய அநீதி இழைக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் செடியின் தளிர்விடும் காலம், பறிப்புச் சுற்று, கவ்வாத்துச் சுற்று ஆகியவற்றை நுணுக்கமாக ஆராய்ந்துள்ளது. உரிய ஓய்வின்றிப் பறித்தாற் செடி நலியும் என்பதை எந்தத் தோட்ட நிருவாகமும் ஏற்றுக்கொள்ளும். செடியின் அவத்தையை அறிந்த கணக்கு, பறிப்பவளின் அவத்தையை அறியவில்லை. செடி மூலதனம், அவள் கூலிச் செலவு. அறியாமைக்குக் காரணம் அறிவியலின் குறைவன்று, அறியவேண்டிய தேவை எவருக்கு உண்டு என்பதே.

உடலியலை உழைப்பாளர் பக்கம் நின்று பயன்படுத்திய மரபும் உண்டு. இரசிய உடலியலாளர் செச்செனோவ் 1890களில், இதயமும் சுவாசத் தசைகளும் வாழ்நாள் முழுவதும் களைப்பின்றி இயங்குவது எவ்வாறு என ஆராய்ந்தார். அவற்றின் ஒவ்வொரு சுற்றிலும் ஓய்வின் அவத்தை உழைப்பின் அவத்தையோடு பொருந்த அமைந்துள்ளமையே காரணம் எனக் கண்டு, எட்டு மணி நேரத்துக்கு மேற்படாத வேலைநாளுக்கு அதிலிருந்து உடலியல் நியாயம் வகுத்தார்.

ஆயின் இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். நுண்ணிய அளவீடு தன்னளவில் விடுதலை தருவதன்று. கையசைவின் ஒவ்வொரு கட்டத்தையும் நேரமானி கொண்டு அளந்த டெய்லரின் முறை, ஓய்வின் இடைவெளிகளையும் முதலாளியின் கணக்கினுட் கொண்டுவரவே பயன்பட்டது. அவத்தைகளை அறிந்தவர் அவற்றை மதிக்கவும் கூடும். அவற்றுட் புகுந்து பிழியவும் கூடும். அவ்வாறே நரம்பின் விதிகளிலிருந்து சமுதாயத்தின் விதிகளை நேரே வருவித்தலும் தவறாகும். ஜே வாங்கி மூச்சுத் திணறலை விளக்கலாம். மூச்சுத் திணறத் திணற ஒருத்தி ஏன் மலையேறவேண்டியுள்ளது என்பதை அது விளக்காது. அவ்விளக்கம் நிலவுடைமையிலும் கூலிமுறையிலும் குடியிருக்கும் லயனறையின் உரிமையிலும் தேடப்படவேண்டியது.

உடலியல் நமக்குத் தருவது ஒரு முறையியல் ஒழுக்கமாகும். தொகையைக் கேட்டதும் இடத்தைக் கேட்டல். சராசரி தரப்பட்டதும் அது எந்தச் சுற்றின் சராசரி என வினவுதல். பூச்சியம் எனப்பட்டதும் எதிரெதிரான இரு வலிமைகள் அதனுள் மறைந்துள்ளனவா என நோக்குதல். அளந்தவரின் இரைச்சல் அளவினுட் புகுந்துள்ளதா எனச் சோதித்தல். மலையகத்து உழைப்பினை ஆராய்வோரும், அதனைப் பாடிய இலக்கியங்களை ஆராய்வோரும் இவ்வொழுக்கத்தைக் கைக்கொள்ளல் வேண்டும்.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியிற் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிக் கிடக்கின்றது. வறட்சியில் நீர் வற்றும்போது அதன் கோயில்கள் தலைகாட்டுகின்றன. அந்நீர் கீழிறங்கி, நிலையம் நிலையமாகக் கடந்து, பொல்பிட்டியவில் மின்சாரமாகின்றது. அம்மலைகளின் லயன் அறைகள் பலவற்றுக்கு அம்மின்சாரம் வந்துசேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. நாட்டின் மின்னுற்பத்தி இவ்வளவு என்ற மொத்தக் கணக்கில் இவ்வரலாறு தெரியாது. சுற்றின் எந்தக் கட்டத்தில் யார் நின்றனர் எனக் கேட்கும்போதே அது தெரியவரும்.